இடிக்கச் சொல்பவர் யார்?

கேள்வி: 'பசுமைக் கட்டடம்' சான்றிதழோடு ஒரு ஃபிளாட் விலைக்கு வருகிறது. நம்பலாமா?

பதில்: வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்த சான்றிதழா, ஆட்கள் குடியேறி ஒரு வருடம் மீட்டர் ஓடிய பிறகு கொடுத்ததா? அதைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: சின்னப் படுக்கையறைக்கு 2 டன் ஏசி வாங்கினேன், தள்ளுபடியில். சில்லென்று ஆகிறது, பிசுபிசுப்பு மட்டும் போகவில்லை.

பதில்: அறையை அளந்தீர்களா? இல்லை, தள்ளுபடியைத்தான் அளந்திருக்கிறீர்கள். பெரிய ஏசி சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 30 வருடப் பழைய வீடு. இடித்துவிட்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வீடு கட்டுவதுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார் கட்டுநர்.

பதில்: இடிக்கச் சொல்பவர் யார்? கட்டித் தருபவர். எனக்கு எரிச்சலே இதில்தான். கட்டடம் என்றால் கரண்ட் பில் மட்டும்தானா? சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்துச் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் சுட்டால்தான் சிமென்ட். சூளை விடும் புகை ஒரு பக்கம் இருக்கட்டும். கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. சிமென்ட் ஆலையின் மொத்தக் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் அதுதான். எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. அப்புறம் கம்பி, அலுமினியம், கண்ணாடி. நீங்கள் குடியேறும் முன்பே இவற்றைச் செய்த புகை அத்தனையும் வானத்துக்குப் போயிருக்கும். பிறகு எத்தனை விளக்கை அணைத்தாலும் திரும்பி வராது.

உங்கள் பழைய தூண்களுக்கும் அஸ்திவாரத்துக்கும் உண்டான புகை என்றோ போய்விட்டது. அவை உறுதியாக இருக்கின்றனவா என்று பொறியாளரிடம் காட்டுங்கள். இருந்தால் கூரைக்கு வெப்பத்தடுப்பும் ஜன்னல்களுக்கு நிழலும் கொடுங்கள், போதும். கட்டுநரிடம், "கட்டுவதிலிருந்து இடிப்பது வரை, 60 வருடத்துக்கு, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கரியமில வாயு?" என்று கேளுங்கள். மின்கட்டணக் கணக்கையே மறுபடி எடுத்து நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: கூரைக்கு வெப்பத்தடுப்புப் பலகை என்று தனியாகப் பணம் வாங்கினார்கள். மொட்டைமாடியில் ஒழுகுகிறதே என்று நாலு தள ஓடுகளைப் பெயர்த்தால், அடியில் வெறும் கலவை. பலகையைக் காணோம். நான் ஏமாளியா?

பதில்: இல்லவே இல்லை. மூடிய பிறகு யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர்கள் போட்ட கணக்கு அது. பெயர்த்த இடத்தை மூட விடாதீர்கள். அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள், ரசீதோடு எழுத்தில் புகார் கொடுங்கள். கடைசித் தவணை பாக்கி இருந்தால் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: மேற்கு ஜன்னலுக்கு உள்பக்கம் ஃபிலிம் ஒட்டினால் சூடு குறையுமா?

பதில்: ஓரளவுக்கு. வெளியே ஒரு மறைப்பு அதைவிட மேல். வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுக்கும். வெளிச்சம் வரட்டும் என்று மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தவன் நான். ஃபிலிமும் ஒட்டினேன். மாலை 4 மணிக்குத் திரையை இழுத்துவிட்டு, விளக்கையும் ஏசியையும் போட்டுக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.