அந்தமான் டிக்கெட்டும் திருப்பி வைக்கும் நகையும்

கேள்வி: என் அப்பா இளவயதில் போர்ட் பிளேர் சாத்தம் மர மில்லில் கூலி வேலை பார்த்தவர். அவர் வாயால் கேட்ட ஊரை மகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் பத்து வருடக் கனவு. மகள் இந்த வருடம் பிளஸ் டூ. நானும் கணவரும் சம்பாதிக்கிறோம், செலவு போக மாதம் 12,000 மிஞ்சும். அதில் 4,000 ஆர்.டி. கட்டுகிறேன், மார்ச்சில் இரண்டு வருடம் முடிகிறது. ஐந்து வருடம் முன்பு தம்பியின் கடைக்காக என் நகையை அடகு வைத்து 2,20,000 கொடுத்தேன். வருடா வருடம் திருப்பி வைக்கிறேன். தங்கம் விலை ஏறியதால் வட்டிக்குக்கூடக் கையிலிருந்து கொடுத்ததில்லை. இப்போது கடையை விரிவாக்க ஆர்.டி. பணத்தையும் தம்பி கேட்கிறான். இதற்கிடையே ஒரு ஹோட்டலில் விருந்து வைத்து, 3,90,000 ரூபாய்க்கு 25 வருட விடுமுறை மெம்பர்ஷிப் எடுக்கச் சொன்னார்கள். மாதத் தவணை உண்டாம். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: மெம்பர்ஷிப்பைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது, “கையிலிருந்து கொடுத்ததில்லை” என்ற வரி. அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

வட்டியை நீங்கள் கட்டவில்லை என்றால் யார் கட்டினார்கள்? திருப்பி வைக்கும்போது புதுக் கடனை வட்டி அளவுக்குப் பெரிதாக்கி, அதிலேயே பழைய வட்டியைக் கழித்திருக்கிறார்கள். பத்தரை சதவீதம் என்று வைத்துப் பார்த்தேன். 2,20,000 முதல் வருடம் 2,43,000. பிறகு 2,69,000, 2,97,000, 3,28,000. இன்றைக்கு 3,62,000 சுமாருக்கு வந்திருக்க வேண்டும். அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள், கொஞ்சம் முன்பின் இருக்கும். இந்த 1,42,000 ரூபாயில் ஒரு பைசா உங்கள் கைக்கோ தம்பி கைக்கோ வரவில்லை. இன்னொரு வருடம் திருப்பி வைத்தால் மேலும் 38,000.

இப்போது அந்தமான் கணக்கு. மூன்று பேருக்குச் சென்னையிலிருந்து விமானம், மூன்று மாதம் முன்பே போட்டால் தலைக்கு 13,000 என்று 39,000. கரூர்–சென்னை ரயில் 3,000. ஐந்து இரவு அறை 17,500. ஹேவ்லாக் தீவுக்குப் படகு போக வர 9,000. சாப்பாடு, வண்டி, நுழைவுச் சீட்டு 22,000. மொத்தம் 90,500. கூட்டிப் போட்டாலும் ஒரு லட்சம். பத்து வருடமாகத் தள்ளிப்போன பயணத்தின் காசு, அடகுக் கடையில் ஏற்கெனவே செலவாகிவிட்டது. (சென்னையிலிருந்து கப்பலும் உண்டு, கட்டணம் குறைவு. ஆனால் ஒரு வழிக்கே மூன்று நாள் போல ஆகும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது சரிவராது.)

ஆர்.டி. முதிரும்போது ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வரும். வழக்கமாக நான் “முதலில் கடனை அடையுங்கள்” என்பேன். உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். கடனுக்குப் போட்டாலும் மிச்சத்தை மறுபடி திருப்பி வைப்பீர்கள். பயணமும் போகாது, கடனும் போகாது. அந்தப் பணம் பயணத்துக்கே.

கடனுக்கு வேறு வழி. அடகில் இல்லாத பழைய அட்டிகையோ நெளிந்த வளையலோ வீட்டில் இருக்கும். இன்றைய விலையில் இரண்டு பவுனை விற்றாலே கடன் ஏறக்குறைய பாதியாகும். நகையை விற்பதா என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். மீதி 1,80,000-ஐ மாதத் தவணை நகைக் கடனாக மாற்றித் தரச் சொல்லுங்கள். 24 மாதத்துக்கு மாதம் 8,350 வரும். மார்ச் வரை கொஞ்சம் இழுபறி, ஆர்.டி. முடிந்ததும் மூச்சு விடலாம். வட்டி கட்டாமல் புதுப்பிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியை இறுக்கியதிலிருந்து, ஒரு நாள் கைமாற்று வாங்கி நகையை மீட்டு மறுபடி வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கைமாற்றுக்கும் தனி வட்டி! அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தம்பி விஷயம். அவர் மனதில் இருப்பது “அக்காவுக்கு 2,20,000 தரணும்”. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. 3,62,000 என்ற எண்ணை நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. அடகுச் சீட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள். “வர்ற தைக்குத் தர்றேன்க்கா” என்றால், தை வரைக்கும் மாதம் 4,000 இந்தக் கடன் கணக்கிலேயே கட்டச் சொல்லுங்கள். கடை விரிவாக்கத்துக்குக் கடை வருமானம் பேசட்டும். வருமானம் பேசாத கடைக்கு அக்காவின் ஆர்.டி. எதற்கு?

மெம்பர்ஷிப்புக்கு வருவோம். பராமரிப்புக் கட்டணம் உண்டா என்று கேட்டீர்களா? அநேகமாக உண்டு. வருடம் 18,000, அதுவும் ஏறாது என்றே வைத்தாலும் 25 வருடத்துக்கு 4,50,000. மெம்பர்ஷிப் பணம் 3,90,000-ஐயும் சேர்த்தால் 8,40,000. வருடம் ஏழு இரவு என்றால் ஒரு இரவுக்கு 4,800, தவணை வட்டி தனி. விமானமும் சாப்பாடும் இதில் சேராது. அதைவிடக் குறைவான வாடகைக்கு உங்களுக்கு வேண்டிய தேதியில் அறை கிடைக்கும்போது, அவர்கள் தரும் தேதிக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? இலவச விருந்தில் பரிமாறியது பிரியாணி, பில் 8,40,000.

ஜனவரியிலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள், ஏப்ரல் மத்தியில் போகிற மாதிரி. பிளஸ் டூ தேர்வும் முடிந்திருக்கும், மழையும் தொடங்கியிருக்காது. இப்போது அந்த ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் அப்படி இருந்தால் பதறாதீர்கள். சாத்தம் மில் இன்றும் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். தம்பி ஆர்.டி. பற்றி மறுபடி ஃபோன் செய்தால், டிக்கெட் போட்டாயிற்று என்று சொல்லுங்கள்.