பயாப்சியில் கேன்சர், டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் கட்டி: எதை கோட் செய்வது?

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மெடிக்கல் கோடிங்கில் (நோயாளியின் சார்ட்டைப் படித்து நோய்களுக்குக் குறியீடு போடும் வேலை) இருக்கிறேன். அவுட்பேஷண்ட் (படுக்கையில் சேராதவர்) சார்ட் பார்த்துக்கொண்டிருந்த என்னை அமெரிக்க இன்பேஷண்ட் (மருத்துவமனையில் சேர்ந்தவர்) புராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்கள். பாத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் அடினோகார்சினோமா (ஒரு வகை கேன்சர்) என்று தெளிவாகவே இருந்தது, கோட் செய்தேன், ஆடிட்டர் எரர் போட்டுவிட்டார். பாத்தாலஜிஸ்ட்டும் டாக்டர்தானே?"

டாக்டர்தான். அதனால்தான் அவுட்பேஷண்டில் அவர் ரிப்போர்ட்டை வைத்தே கோட் போடலாம் என்று விட்டிருக்கிறார்கள். இன்பேஷண்டில் கதை வேறு. ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவில் நோய்களுக்கான குறியீட்டுத் தொகுப்பு) கைட்லைன்ஸ் 3ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள்: லேப், எக்ஸ்ரே, பாத்தாலஜி எதில் என்ன வந்திருந்தாலும், சிகிச்சை தருகிற டாக்டர் அதற்கு முக்கியத்துவம் இருக்கிறது என்று எழுதாதவரை கோட் கிடையாது. ஸ்லைடைப் பார்த்தவர் நோயாளியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் சார்ட் இப்படி இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சிக்மாய்டு கோலனில் (பெருங்குடலின் ஒரு பகுதி) கட்டி, அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கோலன் மாஸ்' என்று மட்டும் இருக்கிறது, பாத்தாலஜியிலோ அடினோகார்சினோமா, பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் பரவல். அப்படியே விட்டால் குடலின் பிற நோய்களுக்கான கே63.89தான். டாக்டர் உறுதி செய்தால் சிக்மாய்டு கேன்சருக்கு சி18.7, கூடவே கணுக்களில் பரவலுக்கு சி77.2. இந்த சி77.2 ஒரு சிசி (சிக்கல் அல்லது உடன்நோய்) என்பதால், வேறு சிசியோ எம்சிசியோ (பெரிய சிக்கல் அல்லது உடன்நோய்) இல்லாத கேஸ், மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையை முடிவு செய்யும் டிஆர்ஜி என்ற குழுவில் 331லிருந்து 330க்குப் போய்விடும். பணம் மாறுகிற இடம் என்பதால்தான் ஆடிட்டர் அங்கே கண் வைக்கிறார்.

அதற்காக கே63.89 போட்டு மூடிவிடாதீர்கள், அதுவும் தப்புதான். முதலில் சார்ட்டை முழுசாகத் தேடுங்கள். ஆன்காலஜி கன்சல்டன்ட் தன் நோட்டில் கேன்சர் என்று எழுதியிருந்து, அட்டெண்டிங் (நோயாளிக்குப் பொறுப்பான முதன்மை டாக்டர்) எழுதியதோடு அது முரண்படவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அட்டெண்டிங்குக்கு குவெரி (விளக்கம் கேட்டு அனுப்பும் கேள்வி). அதில் ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே காட்டி, பொருந்தக்கூடிய ஆப்ஷன்களோடு 'வேறு', 'சொல்ல இயலாது' இரண்டையும் கொடுங்கள். 'அடினோகார்சினோமா என்று எழுத முடியுமா' என்று நீங்களே வாயில் ஊட்டக்கூடாது, டிஆர்ஜி பற்றி மூச்சே விடக்கூடாது.

இன்னொரு குழி: பாத்தாலஜிஸ்ட் 'கன்சிஸ்டென்ட் வித்' (இன்ன நோயோடு ஒத்துப்போகிறது) என்று எழுதியிருந்தால், இன்பேஷண்டில் சந்தேக டயக்னோசிஸை உறுதியானது போல கோட் செய்யலாமே என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அந்தச் சலுகை டிஸ்சார்ஜின்போது சிகிச்சை டாக்டர் எழுதியதற்கு மட்டும்தான்.

எக்ஸ்ரேயை வைத்து எலும்பு முறிவின் இடத்தைத் துல்லியப்படுத்துகிறோமே என்பீர்கள். அங்கே முறிவு என்று டாக்டர் ஏற்கெனவே எழுதிவிட்டார். இங்கே கேன்சர் என்று யாரும் எழுதவில்லையே.

ரிப்போர்ட் பெரும்பாலும் நோயாளி வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். பரவாயில்லை, அட்டெண்டிங் அடெண்டம் (பின்சேர்க்கைக் குறிப்பு) எழுதினால் அதை வைத்து கோட் செய்யலாம். அதுவரை சார்ட்டை ஹோல்டில் வையுங்கள், அன்றைய புரொடக்‌ஷன் கொஞ்சம் அடிபட்டாலும் சரி.