டெல்டா மண்ணில் ரோஜா: கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: அக்கா, நர்சரியில் பூவும் மொட்டுமாக வாங்கி வந்த ஒட்டு ரோஜாவைக் கொல்லையில் குழி எடுத்து வைத்தேன். எரு போட்டு, தினமும் தண்ணீர் விடுகிறேன். இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. ஏன்?

தண்ணீர்தான் காரணம், தம்பி. நம் வண்டல் களிமண் விட்ட தண்ணீரை விடாது. நெல்லுக்கு அது வரம், ரோஜாவுக்கு ஆகாது. ரோஜா வேருக்குக் காற்று வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். மேல்மண் வெடித்துக் காய்ந்திருக்கும், ஒரு சாண் கீழே தோண்டினால் சொதசொதவென்று இருக்கும். மேலே மட்டும் பார்த்து "காய்ந்து போச்சே" என்று இன்னும் ஊற்றுகிறோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

குழியில் செம்மண் நிரப்பினால் போதும் என்று பலர் சொல்வார்கள். சுற்றிலும் களிமண் இருக்கும்போது அந்தக் குழியே தண்ணீர் தேங்கும் தொட்டி ஆகிவிடும். அதனால் தரைக்கு மேலே ஒன்றரை அடிக்குச் செங்கல் அடுக்கி மேட்டுப் பாத்தி கட்டுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. உமிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, பக்கத்து ரைஸ் மில்லில் கேளுங்கள். வெள்ளைச் சாம்பலானதை எடுக்காதீர்கள். கருப்பாக, உமியின் வடிவம் மாறாமல் இருப்பதுதான் மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும்.

இன்னொன்று, நர்சரிக் கவரைக் கிழித்தால் வேரைச் சுற்றிக் கெட்டியான மண் உருண்டை இருக்கும். வாளித் தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, இளகிய வெளிமண்ணை மட்டும் வேர் அறாமல் உதிர்த்துவிட்டு நடுங்கள். ஒட்டுக் கட்டிய முண்டு, அதாவது காட்டு ரோஜாவின் வேர்த்தண்டில் நல்ல ரகத்தை ஒட்டிய இடம், மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை தெரிய வேண்டும்.

திருவாரூரிலிருந்து: ஏழு சிற்றிலையோடு ஒரு கிளை ஜோராக வளர்கிறது. காட்டு ரோஜா என்று மாமியார் வெட்டச் சொல்கிறார். வெட்டலாமா?

இலையை மட்டும் எண்ணி வெட்டாதீர்கள், அம்மா. ஏழு சிற்றிலை விடுகிற நல்ல ரகங்களும் உண்டு. கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டு முண்டுக்கு மேலே என்றால் அது உங்கள் ரோஜாவேதான். கீழே என்றால் மாமியார் சொன்னது சரி. மண்ணை விலக்கி, அடியோடு பிய்த்து எடுங்கள். மேலாக வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும்.

கும்பகோணத்திலிருந்து: கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, அக்டோபரில் செய்ய வேண்டும் என்கிறார்களே?

நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். வெட்டுவாயில் ஈரம் தங்கினால் நுனிக்கருகல் நோய் வெட்டிய நுனியிலிருந்து கிளை வழியாகக் கீழே இறங்கும். தாழ்வாரத்தில் நனையாமல் நிற்கும் தொட்டி என்றால் அக்டோபரில் வெட்டுங்கள். வெளியில் நிற்கும் செடிக்கு மழை ஓய்ந்து, மார்கழியில் செய்யலாம். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளரும் குச்சி இரண்டையும் முதலில் எடுங்கள். மற்றவற்றில் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சாணத் தடுப்புப் பசை) தடவுங்கள். ஒன்றரை மாதம் வாக்கில் பூ வரும்.

நாகப்பட்டினத்திலிருந்து: போர் தண்ணீர் விடுகிறோம். இலை ஓரம் கருகுகிறது.

அது உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மண்ணிலேயே தங்கும். விடும்போது தொட்டி ஓட்டை வழியாக வழியும்வரை விடுங்கள், இலையில் படவேண்டாம். மாடி மழைநீரை டிரம்மில் பிடித்து ரோஜாவுக்கென்று வையுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: மழை வந்தால் இலையில் கரும்புள்ளி. வேப்பெண்ணெய் போதுமா?

கரும்புள்ளி பூஞ்சாண நோய். இலை மணிக்கணக்காக நனைந்திருந்தால் பரவும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், செடிகளை நெருக்கி வைக்காதீர்கள். முற்றிவிட்டால் வேப்பெண்ணெயை நம்பவேண்டாம். கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கலந்து, இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். தெளித்த செடியின் பூவைச் சமையலுக்கோ குல்கந்துக்கோ எடுக்காதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து: முதல்முறை வைக்கிறேன். எந்த ரகம்?

பன்னீர் ரோஜா, யோசிக்கவே வேண்டாம். ஓசூர்ப் பக்கத்து ஒட்டுச் செடிகளின் பூ பெரிது, ஆனால் அங்குள்ள குளிர்ச்சி இங்கே இல்லை. சித்திரை வெயிலில் அவற்றின் பூ சிறுத்து, நிறமும் வெளுக்கும். பன்னீர் ரோஜா நம் வெயிலைத் தாங்கும். இதழ் கலைந்தாற்போல இருக்கும், சாயங்காலத்துக்குள் உதிர ஆரம்பிக்கும், ஆனால் அந்த வாசனைக்கு ஈடு எதுவும் கிடையாது. காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் கவாத்து செய்யும்போது பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி கேட்டு வாங்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் நட்டு வையுங்கள். துளிர் வந்ததும் வேர் விட்டதென்று எடுத்து நடாதீர்கள். துளிர் இரண்டாம் அடுக்கு இலை விட்ட பிறகு வெயிலுக்கு மாற்றுங்கள்.