விளையாட்டுக்காக ஏஐ கொண்டு பறக்கும் தட்டுப் படம் செய்கிறேன். பார்த்தவுடனே போலி என்று தெரிந்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

மாடியிலிருந்து எடுத்த படத்தைக் கொடுத்து, வானத்தில் ஒரு பறக்கும் தட்டைச் சேர்க்கும்படி ஏஐ செயலியிடம் கேட்டதாகவும், வந்த படம் திரைப்படச் சுவரொட்டியைப் போல இருந்ததால் நண்பர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் அக்காவின் மகளும் நானும் விடுமுறை நாள்களில் இதே விளையாட்டை இரண்டு ஆண்டுகளாக விளையாடி வருகிறோம். ஒருவர் போலிப் படம் செய்ய வேண்டும், மற்றவர் அது எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்பதே விதி. தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தட்டு எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்பதை வைத்து யாரும் படத்தை நம்புவதில்லை. அந்தப் படத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கேமராவின் குறைகளுக்கும் தட்டு கட்டுப்பட்டு நடந்தால்தான் நம்புகிறார்கள்.

பெரும்பாலும் அளவில்தான் முதல் தவறு நேர்கிறது. 10 மீட்டர் அகலமுள்ள ஒரு பொருள், ஏறக்குறைய ஒரு பேருந்தின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1 கிலோமீட்டர் தொலைவில் வானத்தில் நின்றால் நம் கண்ணுக்கு முழுநிலவின் அளவுதான் தெரியும். கைப்பேசியில் நிலவைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சிறிய வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கிப் போகும் என்பது நன்றாகத் தெரியும். 4,000 பிக்சல் அகலமுள்ள சாதாரணக் கைப்பேசிப் படத்தில் அந்தத் தட்டுக்குக் கிடைப்பது சுமார் 35 பிக்சல். நாம் அளவைச் சொல்லாமல் விட்டால், கேட்ட பொருளை நன்றாகக் காட்டிவிட வேண்டும் என்பதற்காகச் செயலி வானத்தின் கால் பங்கை அதற்கே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே நான் கட்டளையிலேயே படத்தின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு என்று குறிப்பிடுகிறேன். அவ்வளவு சிறிய பொருளைச் செயலிகள் பல நேரங்களில் குழப்பி வரைவதால், அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன்: வானத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, அதில் தட்டை வரையச் சொல்லி, பிறகு பழைய அளவுக்கே சுருக்கி, வெட்டிய இடத்திலேயே பொருத்திவிடுவேன். சுருக்கும்போது செயலி ஆர்வத்தோடு சேர்த்த ஜன்னல்களும் விளக்குகளும் கரைந்து போய்விடுகின்றன. படத்துக்கு அது நன்மையே செய்கிறது.

அடுத்தது வெளிச்சம். இதில் நான் தோற்ற ஒரு படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். துணி காயப்போடும் கம்பி, அதில் தொங்கும் ஒரு வெள்ளைத் துண்டு, பின்னால் ஒரு சுவர், சுவருக்கு மேலே வெளிர்நீல வானம், வானத்தில் தட்டு. மாலை நாலரை மணி வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுந்ததால் துண்டின் நிழல் சுவரில் வலப்பக்கமாகச் சரிந்திருந்தது. தட்டின் பளபளப்பும் வலது ஓரத்தில்தான் இருந்தது. அக்கா மகள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, துண்டுக்கு ஒரு சூரியன், தட்டுக்கு ஒரு சூரியனா?" என்று கேட்டாள். அன்று முதல், தட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பாகவே படத்திலுள்ள நிழல்களை விரலால் பின்தொடர்ந்து, சூரியன் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று முடிவு செய்துகொள்கிறேன். "இயல்பான வெளிச்சம்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. "சூரியன் இடப்பக்கம், தாழ்வாக, படத்துக்கு வெளியே இருக்கிறது, பொருளின் இடது ஓரம் மட்டும் வெளிச்சம் பெற வேண்டும், அடிப்பக்கம் நிழலில் இருக்க வேண்டும், பொருளிலிருந்து ஒளி எதுவும் வரக்கூடாது" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கடைசி நிபந்தனையைச் சொல்லாவிட்டால் தட்டின் அடியிலிருந்து நீல ஒளிக்கற்றை ஒன்று நிச்சயம் இறங்கும். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் மேகமூட்டமான நாளில் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். நிழலே விழாத நாளில் நிழல் தவறாக விழுவதற்கு வழியில்லை.

வெளிச்சத்தைவிட நுட்பமானது காற்று. இந்த விளையாட்டில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதியும் அதுதான். நமக்கும் தொலைவிலுள்ள பொருளுக்கும் இடையே இருக்கும் காற்று, சூரிய ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புவதால், தூரம் கூடக் கூடக் கறுப்பு வெளிறிக்கொண்டே போகும். பக்கத்து மரத்தின் நிழல் கறுப்பாகவும் தொலைதூர மலை நீலச் சாம்பலாகவும் தெரிவது அதனால்தான். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதாகச் சொல்லப்படும் தட்டின் அடிப்பக்கம், பத்தடி தூரத்தில் இருக்கும் ஜன்னலின் இருட்டைப் போல மையாக இருந்தால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ ஒன்று உறுத்தும்.

இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1950 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மெக்மின்வில் அருகே பால் டிரென்ட் என்ற விவசாயி எடுத்த இரண்டு பறக்கும் தட்டுப் படங்கள் புகழ்பெற்றவை. 1960-களின் இறுதியில் அமெரிக்க விமானப்படையின் நிதியில், கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்டு காண்டன் தலைமையில் நடந்த ஆய்வுக்காக அந்தப் படங்களை ஆராய்ந்த வானியலாளர் வில்லியம் ஹார்ட்மன், தட்டின் அடிப்பக்க நிழல் அருகிலிருந்த பொருள்களின் நிழலைவிட வெளிறியிருப்பதை அளந்து, அது கேமராவுக்கு வெகு தொலைவில் இருந்திருக்கலாம் என்று எழுதினார். லென்ஸில் படிந்த அழுக்கும் அதே வெளிறலைத் தரக்கூடும், படத்தின் மேற்புறம் தெரியும் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட சிறு பொருளாகவே அது இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரு தரப்பாரும் வாதாடியது ஒரு நிழலின் கறுப்பு எவ்வளவு என்பதைப் பற்றித்தான். நீங்களும் அதையே செய்யலாம். எடிட்டிங் செயலியில் நிறத்தை எடுத்துக் காட்டும் கருவியால், படத்தின் தொலைதூரத்தில் தெரியும் மர வரிசையின் மிகக் கறுத்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் தட்டு அந்த மரங்களுக்கும் அப்பால் இருப்பதாகக் கதை என்றால், அதன் அடிப்பக்கம் அந்தக் கறுப்பைத் தாண்டக் கூடாது.

நான்காவது, கேமராவின் குறைகள். கைப்பேசிப் படத்தின் வானத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மணல் தூவியதைப் போன்ற நுண்புள்ளிகள் தெரியும். ஏஐ வரைந்த பகுதியோ துடைத்து வைத்த கண்ணாடியைப் போல வழுவழுப்பாக இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், சிறு மாற்றம் கேட்டாலும் பல செயலிகள் முழுப் படத்தையும் புதிதாக வரைந்து தந்துவிடுவது. ஒரு முறை வானத்தில் மட்டும் மாற்றம் கேட்டிருந்தேன். கீழே சுவரில் ஒரு செங்கல் வரிசை காணாமல் போயிருந்தது, தொட்டியில் இருந்த செடிக்கு இலைகள் கூடியிருந்தன. ஆகவே ஏஐ தந்த படத்தை அப்படியே பயன்படுத்தாமல், அதை மூலப் படத்தின் மேல் ஓர் அடுக்காக வைத்து, தட்டு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள். பிறகு தட்டின் மேல் மட்டும் கொஞ்சம் நுண்புள்ளிகளைச் சேர்த்து, முழுப் படத்தையும் சற்றே குறைந்த தரத்தில் ஒரே ஜேபெக் கோப்பாகச் சேமித்தால், பழையதும் புதியதும் ஒரே சுருக்கத்துக்குள் அகப்பட்டுச் சமமாகிவிடும். இரவுப் படம் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கையில் கை நடுங்கினால் தெருவிளக்குகள் எல்லாம் ஒரே மாதிரியான சிறு வளைகோடுகளாக விழும். எடுத்தவரின் கை ஒன்றுதான் என்பதால், அசையாமல் நிற்கும் தட்டின் விளக்கும் அதே வளைகோட்டையே போட்டிருக்க வேண்டும்.

தட்டை எதன் பின்னாலாவது கொஞ்சம் மறைத்து வைப்பதும் நல்ல உத்தி. ஓர் இலையோ கம்பியோ தட்டின் குறுக்கே போனால், அது படத்துக்குள்ளேயே இருந்தது என்ற எண்ணம் தானாக வந்துவிடும். ஆனால் கம்பியை நம்பாதீர்கள். செயலி வரைந்து தரும்போது, தட்டின் இடப்பக்கம் நுழையும் கம்பி வலப்பக்கம் வெளியே வரும்போது ஒரு நூலிழை மேலே ஏறியிருக்கும். அல்லது நடுவில் சற்றுத் தடித்திருக்கும். இலைதான் பாதுகாப்பு.

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டு என்று கேட்டால் குவிமாடம் வைத்த வெள்ளித் தட்டைத்தான் செயலி தருகிறது. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலை அருகே விமானத்தில் பறந்துகொண்டிருந்த கென்னத் ஆர்னால்டு, தாம் கண்ட ஒன்பது பொருள்களின் ஓட்டத்தைத்தான், தண்ணீரின் மேல் வீசிய தட்டு தத்திச் செல்வதோடு ஒப்பிட்டார். செய்தித்தாள்கள் அதைப் பொருளின் வடிவமாக்கிப் பறக்கும் தட்டு என்ற பெயரைப் பரப்பிவிட்டன. அந்தப் பெயர் வளர்த்த உருவத்தையே இன்றைய செயலிகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அக்கா மகள் ஒரு நாள் கொடுத்த படத்தில், மங்கலான, இரு முனையும் கூர்ந்த, சாம்பல் நிறக் கீற்று ஒன்று வானத்தில் நின்றது. நான் அரை மணி நேரம் நிழலையும் நுண்புள்ளிகளையும் ஆராய்ந்து, தட்டைச் சுற்றி ஏதோ ஒட்டுவேலை தெரிவதாகக்கூட வாதாடினேன். அவள் அந்தப் படத்தில் எதையுமே சேர்த்திருக்கவில்லை. குறுக்கே பறந்த ஒரு பறவை, இறக்கையை மடக்கிய கணத்தில் படத்தில் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கட்டளையில் தட்டு என்ற சொல்லையே எழுதுவதில்லை; "கவனம் குவியாத, இரு முனை கூர்ந்த, வெளிர்சாம்பல் பொருள்" என்றுதான் எழுதுகிறோம்.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகு வரும் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். 1962-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அருகே 14 வயதுச் சிறுவன் ஒருவன் காட்டிய ஐந்து தட்டுகளின் படம், கண்ணாடியில் வரைந்து அதன் வழியாக எடுத்தது என்று அவரே 1972-இல் கூறினார். 1990-இல் பெல்ஜியத்தின் பெட்டி ரெஷேன் என்ற ஊரில் எடுக்கப்பட்ட கறுப்பு முக்கோணப் படம், தெர்மாகோலை வெட்டி விளக்குகள் பொருத்திச் செய்தது என்பது 2011-இல்தான் வெளிப்பட்டது. செய்த கைக்கு விளையாட்டாக இருந்தது, பார்த்த கண்களுக்கு 21 ஆண்டுகள் சான்றாக இருந்தது.

எங்களுக்கும் சிறிய அளவில் அது நேர்ந்தது. உறவினர் குழுவில் எங்கள் இரவுப் படம் ஒன்றை எந்தக் குறிப்பும் இல்லாமல் போட்டிருந்தேன். யாரோ அதைப் பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இரவு பதினோரு மணிக்கு அழைத்து, "பிள்ளையை மாடிக்கு விடாதேப்பா" என்றார். குரலில் நடுக்கம் இருந்தது. உண்மையைச் சொன்னதும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாம் இரண்டு பேரை எச்சரித்துவிட்டதாகவும், அவர்களிடம் இப்போது என்ன சொல்வது என்றும் மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் படங்களின் கீழ் ஓரத்தில் "விளையாட்டுப் படம், ஏஐ கொண்டு செய்தது" என்ற வரி தெளிவாக இருக்கும். படத்தின் மேலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிடுபிஏ (C2PA) என்ற தரநிலைப்படி படம் உருவான விதத்தைக் கோப்புக்குள்ளேயே பதிவு செய்யும் வசதி இருந்தாலும், பல செய்திச் செயலிகளும் சமூக வலைத்தளங்களும் படத்தை அனுப்பும்போது அந்த விவரங்களைக் கழற்றிவிடுகின்றன. கூகுளின் சிந்த்ஐடி போல, பிக்சல்களுக்குள்ளேயே கலந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத அடையாளங்கள் அதைவிட உறுதியானவை. ஆனால் பெரியம்மாவைப் போன்றவர்கள் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். படம் முழுமையாக வர வேண்டும் என்பதற்காக இத்தகைய அடையாளங்களை அகற்றும் வழிகளைத் தயவுசெய்து தேடாதீர்கள். விமான நிலையம், தீ, விபத்து, செய்தி நிறுவனத்தின் முத்திரை ஆகியவற்றையும் இந்த விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். 2023 மே 22 அன்று பென்டகன் அருகே வெடிப்பு நடந்ததாகப் பரவிய ஏஐ படம் சில நிமிடங்களுக்கு அமெரிக்கப் பங்குச் சந்தையையே அசைத்தது.

குறிப்பு எழுதினால் சுவை குறைந்துவிடும் என்று முதலில் தயங்கினேன், குறையவில்லை. போலி என்று தெரிந்தவுடன் எல்லாரும் படத்தை இன்னும் உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரியம்மாவுக்கு இப்போது நாங்கள் மூலப் படத்தைத்தான் முதலில் அனுப்புகிறோம். தட்டு எந்த மூலையில் வரப்போகிறது, எந்தப் பக்கம் வெளிச்சம் விழப்போகிறது என்று அவர் ஊகித்துச் சொல்ல வேண்டும். இதுவரை இரண்டு முறை சரியாகச் சொல்லியிருக்கிறார். ஒரு முறை, "அந்த மூலையில் மரம் காற்றில் ஆடுகிறது, அங்கே வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்" என்று எங்களுக்கு இடத்தையும் மாற்றிக் கொடுத்தார்.