பரணில் ஈரம்: கூரையை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் சரிவான கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே பரண் இருக்கிறது. கொஞ்ச நாளாக அங்கே பூஞ்சை வாடை. கைமரங்களில் கறுப்புப் புள்ளிகள், தொட்டால் ஈரம். மழை இல்லாத நாட்களிலும் இப்படித்தான். பார்க்க வந்தவர் கூரையையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மழை இல்லாத நாளிலும் ஈரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் கூரை ஒழுகுவதைவிட வீட்டுக்குள் இருந்தே ஈரம் மேலே போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் கிளம்பும் ஈரக் காற்று சூடாக இருப்பதால் மேலே ஏறும், சீலிங்கில் விளக்கு பொருத்திய இடம், குழாய் நுழையும் துளை, பரண் கதவின் விளிம்பு என்று எந்தச் சின்ன இடுக்கு கிடைத்தாலும் அதன் வழியாகப் பரணுக்குள் புகுந்து, இரவில் குளிர்ந்து கிடக்கும் கூரையின் அடிப்பக்கத்தில் பட்டு நீராகிவிடும். கூரையே வியர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் டார்ச்சோடு ஏறிப் பாருங்கள். (சீலிங்கைத் தாங்கும் உத்தரங்களின் மேல் மட்டும் கால் வையுங்கள், சீலிங் பலகை உங்களைத் தாங்காது.) ஈரம் பரவலாக, ஆணி முனைகளில் துளித்துளியாக இருந்தால் அது வியர்வைதான். ஒரே இடத்தில், பழுப்பு நிற வளையம் போட்ட கறையாக இருந்தால் ஒழுகல். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பரண் வழியாகத் தண்ணீர்க் குழாயோ ஏசி குழாயோ போனால் அதன் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் சுற்றினால் எங்கோ கசிகிறது.

அப்புறம், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கட்டாயம் பாருங்கள். பல வீடுகளில் அது பரணுக்குள்ளேயே திறந்து கிடக்கும், தினமும் குளிக்கிற ஆவி முழுவதும் அங்கேதான் கொட்டும். அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம். அடுத்தது சீலிங் இடுக்குகளை அடைப்பது. அதற்குப் பிறகுதான் காற்றோட்டம். கீழே இறவாரத்தில் காற்று நுழைந்து மேலே முகடு வழியாக வெளியேற வேண்டும், ஆனால் மூட்டைகளையும் பெட்டிகளையும் இறவாரம் வரை தள்ளி வைத்து அந்த வழியை நாமே அடைத்துவிடுகிறோம். இதையெல்லாம் செய்து சில வாரம் பார்த்த பிறகும் ஈரம் போகவில்லை என்றால் கூரையைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: மழை பெய்தால் மட்டும் சொட்டுகிறது. ஆனால் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே எந்த விரிசலும் இல்லையே?

பதில்: நேர் மேலே தேடினால் கிடைக்காது. தண்ணீர் எங்கோ மேலே நுழைந்து, கைமரத்தை ஒட்டியே வழிந்து வந்து, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். அதனால் கறையில் தொடங்கி மேல்நோக்கித் தேடுங்கள். குழாய்கள் கூரையைத் துளைத்து வெளியே வரும் இடம், கூரை சுவரோடு சேரும் இடம், இரண்டு சரிவுகள் கூடும் மூலை ஆகியவற்றைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். மூலையில் சருகு அடைத்தாலே தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கிவிடும். அப்படியும் பிடிபடவில்லை என்றால், வெயில் நாளில் ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும், ஒருவர் பரணில் டார்ச்சோடு உட்காரட்டும். கீழ் விளிம்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகருங்கள், ஒவ்வொரு இடத்திலும் 10 நிமிடமாவது நனையட்டும். எடுத்ததும் மேலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எது வழி என்றே தெரியாமல் போய்விடும்.

கேள்வி: பூஞ்சை மேல் பெயின்ட் அடித்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. ஈரம் இருக்கும்வரை பெயின்டைத் தாண்டியும் வரும். முதலில் காரணத்தைச் சரிசெய்து மரத்தை நன்றாகக் காயவிடுங்கள், பிறகு முகக்கவசம், கையுறையோடு சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். உலர்ந்தபடி தேய்த்தால் பூஞ்சைத் தூள் வீடெல்லாம் பறக்கும். கறுத்த இடங்களில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள், மரம் கெட்டியாக இருந்தால் சரி. முனை எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது, உடனே ஒரு தச்சரை அழைத்து அந்தக் கட்டையை மாற்றுங்கள்.