அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ஒரு கரித்துண்டு போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவை இம்முறை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அறிவியலையும் சமூகத்தையும் இணைக்கும் உரையாக இருக்க வேண்டும் என்பது நிறுவியவரின் விருப்பம். இதுவரை 'அறிவியலும் சமுதாயமும்', 'அறிவியலும் மனித விழுமியங்களும்' என்றே தலைப்புகள். மாணவர்கள் வருகைப்பதிவுக்காக உட்கார்ந்திருப்பார்கள். தமிழ், வரலாற்றுத் துறையினர் மரியாதைக்கு முகம் காட்டிவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார்கள். அறிவியலாரும் இலக்கியத்தாரும் ஒருவரையொருவர் அறியாமல் பிரிந்து நிற்பதாக ஆங்கில எழுத்தாளரும் விஞ்ஞானியுமான சி.பி. ஸ்னோ சொன்ன 'இரு பண்பாடுகள்' பிளவு இதுதானோ? அதையே தலைப்பாக வைக்கலாமா? விஞ்ஞானி சந்திரசேகரைப் போல இரண்டு பக்கமும் அறிந்தவரை எங்கே தேடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஸ்னோவைத் தலைப்பாக்காதீர்கள். 1959 மே 7 அன்று கேம்பிரிட்ஜில் அவர் ஆற்றிய ரீட் சொற்பொழிவின் கடைசிப் பகுதி பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியது. 'பணக்காரர்களும் ஏழைகளும்' என்றே தலைப்பிட நினைத்ததாகவும், மாற்றாமல் இருந்திருக்கலாம் என்றும் பின்னாளில் அவரே எழுதினார். உலகம் தலைப்பைப் பிடித்துக்கொண்டது, பேச்சை விட்டுவிட்டது. 1962-இல் இலக்கிய விமர்சகர் லீவிஸ் அவர்மேல் பாய்ந்தார். அந்தச் சண்டைகூட புதிதல்ல: 1880-இல் பர்மிங்காமில் உயிரியலாளர் ஹக்ஸ்லி அறிவியல் கல்விக்காகப் பேசியதற்குக் கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் 1882-இல் இதே ரீட் மேடையில் பதில் சொல்லியிருந்தார். பிளவைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இரு தரப்பும் தங்கள் பெருமையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகின்றன. கேட்பவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை.

1943 பிப்ரவரியில் டப்ளின் டிரினிடி கல்லூரியில் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் செய்ததைப் பாருங்கள். பொதுமக்களுக்கு உரையாற்றுவது அவருடைய ஆய்வு நிறுவனத்தின் சட்டப்படியான கடமை. உயிர் என்றால் என்ன என்பது பொருள், சுமார் 400 பேர் அவை. கணிதம் அதிகம் வராது என்று தொடக்கத்திலேயே சொன்னார். விஷயம் எளிது என்பதால் அல்ல, கணிதத்துக்கு முழுவதும் அடங்காத அளவுக்குச் சிக்கலானது என்பதால். பிறகு குழந்தை கேட்பது போல ஒரு கேள்வி: அணுக்கள் ஏன் இவ்வளவு சிறியவை? உடனே அதைத் திருப்பிப் போட்டார்: நம் உடல் ஏன் இவ்வளவு பெரியது? 100 துகள்களை எண்ணினால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 10, அதாவது பத்து சதவீதம். பத்து லட்சத்தில் அது 1,000, வெறும் 0.1 சதவீதம். உடல் ஒழுங்காக இயங்க எண்ணிக்கை பெருக வேண்டும். தத்துவம் படித்தவரும் பின்தொடரக்கூடிய கணக்கு இது. கூட்டம் கலையவில்லை.

சந்திரசேகர் 1975-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரையர்சன் சொற்பொழிவில் ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் மூவரையும் எடுத்துக்கொண்டபோதும் கேள்வி குறுகியதுதான்: கலைஞன் கடைசிவரை வளர்கிறான், விஞ்ஞானி ஏன் நடுவயதில் நின்றுவிடுகிறான்? அப்போது அவருக்கு வயது 64. இப்படி ஒருவரைத் தேடி அலைய வேண்டாம். ஒரே பொருளைப் பற்றி இரண்டு பேர் பேசட்டும். ஒருவர் சொல்லாமல் மற்றவர் மேலே போக முடியாத பொருளாக அது இருக்க வேண்டும்.

என் பரிந்துரை, கீழடியில் கிடைத்த கரி. தலைப்பு: 'ஒரு கரித்துண்டின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்?'

2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 205 என்று காலம் தரப்பட்டது. இந்த நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆரம்பிக்கலாம். 153 செ.மீ. மண் படிய 375 ஆண்டு என்று முதலாண்டு மாணவனே கழித்துச் சொல்வான். அங்கேயே வரலாற்றுக்காரர் எழுந்து, மண் அப்படிச் சீராகப் படியாது என்று சொல்லலாம்: குழி வெட்டுவார்கள், குப்பை கொட்டுவார்கள், வெள்ளம் வரும்.

அடுத்து உங்கள் முறை. உயிர் போனபின் கரியில் சிதைந்து குறைந்துகொண்டே வரும் கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள். 2,500 ஆண்டுப் பழைய கரியில் சுமார் 74 சதவீதம் மிச்சம். அளவீட்டில் ஒரு சதவீதம் பிசகினால் வயது சுமார் 80 ஆண்டு தள்ளிப்போகும். நல்ல ஆய்வகம் கூட்டல் கழித்தல் 30 ஆண்டுக்குள் தரும். இத்தோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கலே இனிமேல்தான். காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் மர வளையங்களை வைத்துத் தயாரித்த திருத்த வளைவோடு ஒப்பிட்டே ஆண்டு சொல்கிறார்கள். கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைவு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது, அதாவது வெவ்வேறு நூற்றாண்டுக் கரிகள் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும். அங்கே 30 ஆண்டுத் துல்லியம், திருத்திய பிறகு 300 ஆண்டுக்கு மேல் விரிந்துவிடலாம். கி.மு. 580 அந்தச் சமவெளிக்குள்தான் விழுகிறது. இயற்பியல் இங்கே தனியாகத் தடுமாறும். மேலடுக்கு எது, கீழடுக்கு எது, பானையின் வகை என்ன, ஓட்டில் கீறிய எழுத்தின் வடிவம் என்ன என்று பார்ப்பவர் வந்துதான் அந்த அகலத்தைக் குறுக்க வேண்டும்.

இன்னொன்றையும் விடாதீர்கள். கரி சொல்வது அந்த மரத்தின் வளையம் வளர்ந்த காலத்தை. அடுப்பில் எரிந்த காலத்தை அல்ல. முதிர்ந்த மரத்தின் வைரப்பகுதி என்றால் நூறாண்டுகூடக் கூடுதலாகக் காட்டலாம். ஒரே பருவத்தில் விளைந்த நெல்மணி நம்பகமானது. எழுத்துள்ள ஓட்டுக்கு இந்த முறையில் நேரடியாக வயது பார்ப்பதில்லை. அது கிடந்த அடுக்கின் கரிக்குத்தான் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் தமிழ்த்துறை தேநீருக்குப் போகாது.

ஒருவருக்கு 20 நிமிடம், அடுத்தவருக்கு 20, பிறகு இருவரும் சேர்ந்து 10. நிதானமான தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் வரை போகும். ஆக, ஆளுக்கு 2,000 சொற்களுக்குள் எழுத்துப் பிரதி. இரண்டு வாரம் முன்பே வாங்கி, ஒருவருடையதை மற்றவருக்குக் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் இருவரும் கீழடியின் சிறப்பையே தனித்தனியாகப் பாடுவார்கள். திரையில் காட்டும் படங்கள் ஆளுக்கு எட்டு போதும்; திருத்த வளைவை மட்டும் பெரிதாகப் போடுங்கள், விரலால் தொட்டுக்காட்ட வேண்டும்.

நம் விழாக்களைக் கொல்வது முன்னுரை. லண்டன் ராயல் நிறுவனத்தின் வெள்ளி மாலை உரைகளில் மணி அடித்ததும் பேச்சாளர் வந்து நேராக விஷயத்தைத் தொடங்குவது மரபு, அறிமுகமே கிடையாது. அங்கே பேசிய ஃபாரடே, 'மெதுவாக', 'நேரம்' என்று எழுதிய அட்டைகளை உதவியாளரைக் கொண்டு தம் முன் வைக்கச் செய்தார். அவ்வளவு கறாராக நம்மால் முடியாது, முதல்வர் கோபித்துக்கொள்வார். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு எல்லாம் சேர்த்து 7 நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள். வாழ்த்துரை வேண்டுமென்றால் கடைசியில்.

கேள்வி நேரத்துக்கு ஒலிவாங்கியைச் சுற்றவிட்டால் கீழடியில் கட்டாயம் அரசியல் சொற்பொழிவு ஒன்று முளைக்கும். பாதித்தாள் சீட்டுகளை இரண்டாம் உரையின்போதே கொடுங்கள். எழுதி வந்தவற்றை ஒருவர் பிரித்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, மாணவர் சீட்டிலிருந்து தொடங்கட்டும். காலத்தை முன்தள்ளியது யார், பின்தள்ளியது யார் என்ற கேள்வி வந்தால் ஒதுக்க வேண்டாம். எந்த அடுக்கு, எந்த மாதிரி, திருத்தியதா திருத்தாததா என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

ஷ்ரோடிங்கரின் உரைகள் 1944-இல் நூலானதால்தான் பின்னாளில் டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டறிந்த, அந்த அறையில் இல்லாத வாட்சனும் கிரிக்கும் அவற்றைப் படிக்க முடிந்தது. உங்களிடம் எழுத்துப் பிரதி ஏற்கெனவே இருக்கிறது. பொன்னாடைக்கும் நினைவுப்பரிசுக்கும் ஒதுக்கிய தொகையில் 24 பக்கச் சிறுநூல் அச்சிடலாம். அச்சகத்தில் விலை கேட்கும்போது திருத்த வளைவின் படத்தை முழுப்பக்கமாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், சிறிதாகிவிட்டால் அந்தத் தட்டைப் பகுதி கண்ணுக்கே தெரியாது.