பழைய அம்பாசடரில் மழை பெய்தால் டிரைவர் காலடியில் தண்ணீர் நிற்கிறது. முன் கண்ணாடி ரப்பரைச் சுற்றிச் சிலிக்கான் பூசினால் போதுமா, ரப்பரையே மாற்ற வேண்டுமா? (மதுரை)

சிலிக்கான் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கானைப் பிதுக்கும்போது காடி வாடை அடிக்கும். அது இறுகும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலத்தின் வாடை. பெயிண்ட் உரிந்த தகட்டில் அது பட்டால் துரு வேகமாகப் பிடிக்கும். அதோடு, ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்ட் ஒட்டாது, சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) ஒட்டாது, புதிதாகப் பூசும் சிலிக்கானே சரியாக ஒட்டாது. புதுக் கார் கண்ணாடிகளை ஒட்டும் பாலியூரித்தேன் பசையும் இதற்கு ஆகாது. அடுத்த முறை கழற்றும்போது ரப்பர் துண்டு துண்டாகத்தான் வரும், கண்ணாடியும் உடையலாம்.

அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் கண்ணாடி ஒட்டப்படுவதில்லை, கவ்விப் பிடிக்கப்படுகிறது. ரப்பரில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்றில் கண்ணாடி விளிம்பு உட்காரும், மற்றொன்று பாடியின் தகட்டு விளிம்பைக் கவ்வும். வெளிப்புறம் ரப்பருக்குள் செருகியிருக்கும் பளபளப்பான பட்டை அலங்காரம் போலத் தெரிந்தாலும், ரப்பரை அகட்டிக் கண்ணாடி மேல் அழுத்துவது அதுதான். பாலிஷ் போடக் கழற்றிவிட்டுப் பட்டையைத் திரும்பப் போடாத வண்டி ஒழுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எதையும் கழற்றுமுன் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். டிரைவர் காலடியில் தண்ணீர் என்பதால் டிரைவர் பக்க மூலைதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. மேலே நுழைந்த தண்ணீர் ரப்பரின் பள்ளத்துக்குள்ளேயே ஓடி, கீழ் மூலையில்தான் சொட்டும். மிதியடிகளை எடுத்துவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் துடைத்துக் காயவைத்து, செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்க, இன்னொருவர் மெல்லிய ஓட்டத்தில் ஹோஸ் பிடிக்க வேண்டும். கீழ் விளிம்பில் தொடங்கிப் பக்கங்கள், கடைசியில் மேல் விளிம்பு. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது தண்ணீர் விழட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துபோய் ஒன்றும் தெரியாது. வாட்டர் சர்வீஸ் கன்னைக் கொண்டுவராதீர்கள், அந்த அழுத்தத்தில் நல்ல ரப்பரும் ஒழுகும். போர் தண்ணீரில் கழுவுகிற வண்டியென்றால் தண்ணீர் வந்த வழியில் வெள்ளையாக உப்புக் கோடு இருக்கும், அதையும் தேடுங்கள்.

கண்ணாடியில் கைவைக்குமுன் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். வைப்பர் தண்டு வெளியே வரும் ஓட்டையில் இருக்கும் சிறு ரப்பர் வளையம் காய்ந்துபோனால் தண்ணீர் நேரே காலடிக்கு வரும். அடுத்தது பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள பள்ளம். வண்டி வேப்ப மரத்தடியில் நிற்கிறதா? சித்திரையில் உதிர்ந்த பூவும் சருகும் அங்கே மக்கித் தண்ணீர் வடியும் வழியை அடைத்திருக்கும். இவ்விரண்டில் ஒன்றுதான் காரணம் என்றால் அரைமணி நேர வேலையோடு முடிந்தது.

கண்ணாடி ரப்பர்தான் என்று உறுதியானால் அதை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதிந்து திரும்பி எழுந்தால் உயிர் இருக்கிறது. அப்போது வெளி உதட்டைப் பிளாஸ்டிக் ஆப்பால் லேசாகத் தூக்கி, சோப்புத் தண்ணீரில் அழுக்கெடுத்து, நன்றாகக் காயவைத்து, இறுகாத வகை மாஸ்டிக் சீலன்டை உள்ளே செலுத்தலாம். கடையில் இதையும் ‘கண்ணாடி பீடிங் சீலன்ட்’ என்றுதான் சொல்வார்கள். ‘காய்ந்தாலும் கெட்டியாகாததா’ என்று கேட்டு வாங்குங்கள். சீலன்ட் டியூபின் மூக்கை 3 மில்லிமீட்டருக்கு வெட்டினால் போதும். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சுற்று, ரப்பருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சுற்று. பிதுங்கியதை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊறினால் ரப்பர் உப்பிவிடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ கிரீஸோ தடவுவதும் அதே கேடுதான்.

நகம் பதியவில்லை, மூலைகளில் வெடிப்பு, இணைப்பில் இடைவெளி என்றால் மாற்றியே ஆகவேண்டும். நம்மூர் வெயிலில் ரப்பர் இறுகிச் சுருங்கும், முதலில் விலகுவது மூலைகளில்தான். அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. இப்போது கிடைக்கும் ரப்பரில் தரமும் அளவும் கடைக்குக் கடை மாறும். பழைய ரப்பரில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்துப்போய், வெட்டுமுகத்தைப் புதியதோடு ஒட்டவைத்துப் பாருங்கள். இரண்டு பள்ளங்களின் அகலமும் ஒத்துப்போக வேண்டும். இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், வெயில் தாங்கும். மூலை வார்த்த முழு வளையம் கிடைக்காமல் மீட்டர் கணக்கில் வாங்கினால் அளவைவிட 10 முதல் 15 மில்லிமீட்டர் கூட்டி வெட்டி, நெருக்கி இணையுங்கள். இணைப்பு மூலையில் வரவே கூடாது. மேல் விளிம்பின் நடுவில் வைப்பதே என் தேர்வு, கீழே வைத்தால் அங்கேதான் தண்ணீர் தேங்கும். பளபளப்புப் பட்டையின் இணைப்பும் ரப்பரின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக்கூடாது.

கழற்றுவது எளிது. வைப்பர் கைகளை எடுத்து, பட்டையை ஒரு முனையிலிருந்து உருவி, எப்படிப் பொருந்தியிருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உலோகப் பட்டையாக இருந்தால் கண்ணாடி ஏற்றுமுன்பே ரப்பரில் செருக வேண்டிய வகையாகவும் இருக்கலாம். பழைய ரப்பர் எப்படியும் குப்பைக்குத்தான் என்பதால் வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால் கண்ணாடி தானாக வெளிவரும். ரப்பரோடு சேர்த்து உள்ளிருந்து காலால் உதைத்துத் தள்ளும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த) கண்ணாடியானால் கீறல் விழும், டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) ஆனால் விளிம்பில் ஓர் அடி போதும், மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.

உண்மையான வேலை இனிமேல்தான். கண்ணாடி வந்த பிறகு தெரியும் தகட்டு விளிம்பை, முக்கியமாகக் கீழ் மூலைகள் இரண்டையும் பாருங்கள். துரு இல்லாத பழைய வண்டி அபூர்வம். ரப்பரை மட்டும் மாற்றித் தரும் பட்டறையில் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கம்பி பிரஷ், பிறகு 80ஆம் நம்பர் உப்புத்தாள், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பெயிண்ட். ஓட்டை விழுந்திருந்தால் 20 கேஜ் தகடு வைத்து வெல்டிங் செய்து, தட்டிச் சமன்படுத்தச் சொல்லுங்கள். டிங்கர் வேலை செய்பவர் பட்டி (குழியை நிரப்பும் பசை) போட்டு மறைக்க விடாதீர்கள். ரப்பரின் பள்ளம் ஒற்றைத் தகட்டின் கனத்துக்கே வார்த்தது. விளிம்பு தடித்தால் ரப்பர் முழுதாக இறங்காது. பட்டியும் ரோட்டில் ஒரு குழியில் வண்டி இறங்கினாலே வெடித்துத் தண்ணீருக்கு வழிவிடும். பெயிண்ட் நன்றாகக் காயும்வரை கண்ணாடியைப் போடாதீர்கள். மழை வந்தபின் இதைச் செய்ய முடியாது. சித்திரை, வைகாசியில் முடிப்பதுதான் தோது.

மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ரப்பரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். போர்வை விரித்த மேஜையில் கண்ணாடியை வைத்து ரப்பரைச் சுற்றிப் போடுங்கள். பாடிப் பக்கப் பள்ளத்தில் 4 மில்லிமீட்டர் நைலான் கயிற்றை முழுச் சுற்றும் பதித்து, இரு முனைகளும் கீழ் நடுவில் ஓரடி குறுக்காகத் தாண்டி உள்பக்கம் தொங்கும்படி விடுங்கள். விளிம்பில் கெட்டியான சோப்புத் தண்ணீர். கண்ணாடியை வெளியிலிருந்து நடுவாக வைத்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே வரவேண்டும். உள் உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும். கீழ் விளிம்பு, மூலைகள், பக்கங்கள், கடைசியில் மேல். அழுத்துகிற கையும் இழுக்கிற இடமும் எதிரெதிரே இருக்க வேண்டும். சிக்கினால் பலத்தைக் காட்டாமல் கண்ணாடியை லேசாகத் தட்டி நகர்த்துங்கள்.

பட்டையைச் செருகும்போது இழுத்து நீட்டாதீர்கள். இழுத்துப் போட்ட பட்டை ஒரு வாரத்தில் சுருங்கி, இணைப்பில் விரல் அளவு இடைவெளி காட்டும். சோப்புத் தண்ணீர் தொட்டுத் தள்ளிக்கொண்டே போய், 5 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி அமுக்குங்கள். ஒருநாள் கழித்து, சோப்பு ஈரம் முழுதும் காய்ந்தபின் மேலே சொன்னபடி இரண்டு சுற்று மாஸ்டிக், பிறகு அதே ஹோஸ் சோதனை.

தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் இத்தனை நாள் குடித்த தண்ணீரை வைத்திருக்கும். அதையும் எடுத்து முற்றத்தில் போட்டு இரண்டு நாள் காயவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே அடைத்தும் தரைத்தகடு கீழே அரித்துக்கொண்டே இருக்கும்.